நோயலுக்கு ஒரு நாற்காலி

நோயல்: ...ஆகவே, பெரியோர்களே, தாய்மார்களே! நம்மள ஆளப்போறவன மேலேருந்து இறக்கக்கூடாது! கீழேருந்து ஏத்தணும்! ...எப்படி இருக்கு, ஐரின்?

ஐரின்: கைய தூக்கினா அக்குள்ல கிழிசல் தெரியுது.

நோயல்: நான் பேச்ச பத்தி கேட்டேன் மா.

ஐரின்: பேச்சுக்கு ஒண்ணும் இல்ல. சட்டைய கழட்டுங்க, ரெண்டு தையல் போட்டுத் தரேன். நாலு மணிக்கு சர்ச் ஹால்ல எலக்ஷன் கூட்டம், அத்தன பேர் முன்னாடி கைய தூக்கப் போறீங்க.

நோயல்: வேற வெள்ளச் சட்டையே இல்லியா இந்த வீட்ல?

ஐரின்: பீரோ நெறய இருக்கு. எல்லாம் நீங்க வார்டுக்கு கார்ப்பரேட்டரா இருந்தப்ப தெச்சது. இப்ப இருக்கற வயித்துக்கு ஒத்து வராது.

நோயல்: "இருந்தப்ப"ன்னு சொல்லாத. இன்னிக்கும் விவேக் நகர்ல எல்லாரும் கார்ப்பரேட்டர் அண்ணான்னு தான் கூப்பிடறாங்க.

ஐரின்: கூப்பிடாம? கவுன்சில் முடிஞ்சு வருஷக்கணக்கா எலக்ஷனே வெக்கல, இப்ப தான் வெக்கப் போறாங்க. புதுசா ஒருத்தரு வந்தாத்தானே பழைய பேரு போகும்? கடைய மூடினாலும் போர்ட கழட்டல, அவ்ளோ தான்.

நோயல்: அதத்தான் இன்னிக்கு மேடைல கிழிக்கப் போறேன்!

ஐரின்: ஏற்கனவே கிழிஞ்சது போதும். கழட்டுங்க.

நோயல்: இந்தா. ...சரி, நீ தெச்சுக்கிட்டே எதிர்க்கட்சி மாதிரி கேள்வி கேளு. நான் பதில் சொல்லிப் பாக்கறேன். கூட்டத்துல அந்த ரிடையர்டு இஞ்சினியர் க்ளென் சும்மா இருக்க மாட்டான். ஊர ஆள ஆபீசரே போதும், எலக்ஷன் எதுக்குன்னு எழுந்து நிப்பான். நீ தான் க்ளென்னு வெச்சுக்கோ.

ஐரின்: நான் ஐரினாவே கேக்கறேனே?

நோயல்: ஐரினுக்கு இதுல என்ன அபிப்ராயம் இருக்கப் போகுது? க்ளென்னாவே கேளு.

ஐரின்: ...சரி. க்ளென் கேக்கறான். பெங்களூர அஞ்சு கார்ப்பரேஷனா வெட்டியாச்சு. அஞ்சுக்கும் மேல ஒரு பெரிய அத்தாரிட்டிய வெச்சாச்சு. அதுல முதலமைச்சர் இருக்காரு, மந்திரிங்க இருக்காங்க, படிச்ச ஆபீசருங்க இருக்காங்க. அதுக்குன்னு தனியா ஒரு எலக்ஷன் வேணுமா?

நோயல்: அட, நல்லா கேக்கறியே! சொல்றேன் கேளு. முதலமைச்சருக்கு பீதர்லேருந்து சாம்ராஜ்நகர் வரைக்கும் ஆயிரம் தலவலி. என் தெரு சாக்கட மோரி அடைச்சிருக்குன்னா அவருக்கு எப்படித் தெரியும்? ஆபீசருக்குத் தெரியும், ஆனா இன்னிக்கு வருவான், நாளைக்கு ட்ரான்ஸ்ஃபர்ல போவான். அவன் பேர நாம மனப்பாடம் பண்றதுக்குள்ள வேற பேரு வந்துடும். ஓட்டு வாங்கினவன் எங்க போவான்? இதே தெருவுல தானே இருக்கான்? நடு ரோட்ல நிறுத்தி சட்டைய பிடிச்சுக் கேக்கலாம்!

ஐரின்: பிடிச்சாங்களே. பட்டன் தெச்சது நான் தான்.

நோயல்: க்ளென் அப்படி சொல்ல மாட்டான்!

ஐரின்: சரி, க்ளென். ஆபீசர் கல்யாண வீட்டுக்கு வந்து மைக்க பிடுங்கி அரமணி நேரம் பேசறதில்ல. சாவு வீட்ல பெட்டி பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கறதில்ல. அது ஒரு நிம்மதி இல்லியா?

நோயல்: இரு இரு. இது க்ளென் சொல்றதா, நீ சொல்றதா?

ஐரின்: ஊரே சொல்லுது.

நோயல்: ஐரின், வந்து நின்னாத் தானே மா மனுஷன்? நல்லது கெட்டதுக்கு வராதவன்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு தண்ணி வரலன்னு கேப்ப? ...இது நல்லா இருக்கே. பேச்சுல சேத்துக்கறேன்.

ஐரின்: சேத்துக்கோங்க. அடுத்த கேள்வி. போன மாசம் ரோட்ல ஒரு நாய் செத்துக் கிடந்துச்சே, ஞாபகம் இருக்கா?

நோயல்: அய்யோ, அத ஏன் இப்ப...

ஐரின்: ரோடுக்கு அந்தாண்ட ஒரு கார்ப்பரேஷனாம், இந்தாண்ட ஒரு கார்ப்பரேஷனாம். நாய்க்கு தல அங்க, வாலு இங்க. அவங்களுக்கு போன் போட்டா, வாலு பக்கம் கேளுங்கன்னாங்க. இவங்களுக்கு போட்டா, தல எந்தப் பக்கமோ அவங்க தான் எடுக்கணும்னாங்க. எலக்ட் ஆன ஆளு ஒருத்தர் இருந்திருந்தா என்ன பண்ணிருப்பாரு?

நோயல்: நான் இருந்திருந்தா ரெண்டு கமிஷனரையும் ஒரே மேசைல உக்கார வெச்சு, ஜாயின்ட் மீட்டிங் போட்டு...

ஐரின்: அதுக்குள்ள நாய் உயிர்த்தெழுந்து வீட்டுக்குப் போயிருக்கும்.

நோயல்: ஐரின்! ஞாயித்துக்கிழமையும் அதுவுமா இந்தப் பேச்சா?

ஐரின்: கர்த்தர் மன்னிப்பாரு. கடைசில எப்படி நடந்துச்சுன்னு தெரியுமா?

நோயல்: யாரோ எடுத்துட்டாங்க.

ஐரின்: யாரோ இல்ல. நான் தான் தொடப்பத்தால தலயையும் இந்தாண்ட தள்ளி வெச்சுட்டு, முழு நாயும் உங்க லிமிட்ல தான் இருக்குன்னு போன் போட்டேன். கால் மணில வண்டி வந்துச்சு.

நோயல்: நீயா? எங்கிட்ட சொல்லவே இல்ல?

ஐரின்: நீங்க அப்ப டீக்கடைல, மாநகர நிர்வாகம் எப்படி இருக்கணும்னு பேசிக்கிட்டு இருந்தீங்க.

நோயல்: ...இதுலேருந்து க்ளென் என்ன நிரூபிக்கறான்?

ஐரின்: க்ளென் ஒண்ணும் நிரூபிக்கல. இது ஐரின் கேக்கறது. நீங்க கார்ப்பரேட்டரா இருந்த அஞ்சு வருஷமும் விடிஞ்சா நம்ம வீட்டு கேட்டுக்கு முன்னாடி கூட்டம். தண்ணி வரல, லைட் எரியல, குப்ப ஆட்டோ திரும்பிப் பாக்கல. ராத்திரி மீட்டிங்னு நீங்க லேட்டா வந்து படுத்திருப்பீங்க. கேட்ல யாரு நின்னா?

நோயல்: நீ தான். நான் தானே உன்ன நிக்கச் சொன்னேன்?

ஐரின்: அதத்தான் சொல்றேன். உங்கள ஜனங்க தேர்ந்தெடுத்தாங்க. என்ன நீங்க நியமிச்சீங்க. சம்பளம் இல்ல, லீவு இல்ல, ட்ரான்ஸ்ஃபரும் இல்ல.

நோயல்: ஹாஹா! நல்லா சொன்ன போ. ஆனா தண்ணி தெறந்து விடற வால்வ்மேன் உனக்கு தானே பயந்தான், எனக்கு பயப்படல.

ஐரின்: பயமெல்லாம் இல்லீங்க. அவன் பொண்ணு சர்ச்ல முதல் நன்மை வாங்கறதுக்கு கவுன் தெச்சுக் குடுத்தேன். ...போன் அடிக்குது பாருங்க.

நோயல்: யாரு... ஆங், நமஸ்காரா சார்! ஹௌது சார், ஆமா சார். ...ஆய்த்து சார். கண்டித்தா, கண்டிப்பா செய்யறேன் சார். ...இல்ல சார், வீட்ல யாருக்கும் தெரியாது. ...ஹாங், ஹாங். தும்பா தேங்க்ஸ் சார்!

ஐரின்: யாருங்க?

நோயல்: மைக்செட்காரன்.

ஐரின்: மைக்செட்காரன எப்பலேருந்து சார்ங்கறீங்க?

நோயல்: மரியாத குடுத்தா தான் மா இப்பல்லாம் மைக் ஒழுங்கா வேல செய்யுது.

ஐரின்: வீட்ல யாருக்கும் தெரியாதுன்னீங்க?

நோயல்: அது... பேச்சோட கடைசி வரி. சஸ்பென்ஸ்.

ஐரின்: ஓ. சரி சரி. நூல் தீந்துடுச்சு, அந்த வெள்ள நூல்கண்டு எடுங்க. ...ஏங்க, ஒண்ணு கேக்கவா? இந்தத் தடவ எலக்ஷன் வருதே, நீங்க நிக்கலியேன்னு வருத்தமா இருக்கா?

நோயல்: எப்படி நிக்கறது? நம்ம வார்ட பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கிட்டாங்களே. அந்த ரிசர்வேஷன் லிஸ்ட் வந்த அன்னிக்கு எனக்கு சோறு எறங்கல, நீ பாத்த தானே. இத்தன வருஷம் காத்திருந்தேன் ஐரின். எலக்ஷன் எலக்ஷன்னு கோர்ட் வாசல் வரைக்கும் போய் கத்தினேன். கடைசில எலக்ஷன் வருது, நாற்காலியும் வருது, அதுல உக்கார எனக்கு மட்டும் தகுதி இல்ல.

ஐரின்: அழாதீங்க.

நோயல்: அழல. உன் வெங்காயம்.

ஐரின்: இன்னும் வெங்காயமே அரியல.

நோயல்: ...உன்ன நிறுத்தலாமான்னு கூட கட்சில ஒருத்தர் கேட்டாரு, தெரியுமா? நம்ம செயலாளர் சந்திரன்.

ஐரின்: அப்படியா? நீங்க என்ன சொன்னீங்க?

நோயல்: சிரிச்சேன்.

ஐரின்: சிரிச்சீங்களா.

நோயல்: பின்ன? "சார், அவளுக்கு கேட்ட தாண்டி அரசியல் தெரியாது, அவளுக்கு விருப்பமும் இல்ல"ன்னு சொல்லிட்டேன்.

ஐரின்: எவ்ளோ நேரம் சிரிச்சீங்க?

நோயல்: கேள்விய பாரு! ரெண்டு பேரும் சேந்து சிரிச்சோம். அவரு சீக்கிரம் நிறுத்திட்டாரு.

ஐரின்: அப்ப நம்ம வார்டுல யாரத்தான் நிறுத்தறாங்க?

நோயல்: எவளோ ஒருத்தியாம். மேலிடத்துல முடிவாயிடுச்சாம், பேரு நாளைக்கு லிஸ்ட்ல வருமாம். எந்த எம்.எல்.ஏ. மச்சினியோ, யாரு கண்டா. நம்ம தெருவுக்கு வந்தா வழி கேட்டுத்தான் வருவா.

ஐரின்: பாத்தீங்களா? ஆளறவன மேலேருந்து இறக்கக்கூடாது, மக்கள் தேர்ந்தெடுக்கணும்னு பேசறீங்க. வேட்பாளர மட்டும் கட்சி மேலேருந்து நியமிக்குது. இந்தக் கேள்விய க்ளென் கேட்டா?

நோயல்: ...க்ளென் இவ்ளோ யோசிக்க மாட்டான்.

பியாட்ரிஸ்: அக்கா! ஐரின் அக்கா! கதவு தெறந்து தான் இருக்கா?

ஐரின்: வா பியாட்ரிஸ். ...ஏங்க, பனியனோட நிக்காதீங்க, துண்டாவது போட்டுக்கோங்க.

பியாட்ரிஸ்: பரவால்ல அண்ணா, பக்கத்து வீட்டுக்காரி தானே. நான் ஒரு நிமிஷம் தான். அக்கா, சேல எந்த கலர்னு முடிவு பண்ணீங்களா? போட்டோக்காரன் கேக்கறான்.

நோயல்: என்ன போட்டோ?

பியாட்ரிஸ்: அது... அது வந்து...

ஐரின்: சர்ச்ல நம்ம மரியாயின் சேனைக்கு.

பியாட்ரிஸ்: ஆங், மரியாயின் சேனைக்கு அண்ணா.

நோயல்: சேனைக்கு குரூப் போட்டோ தானே எடுப்பீங்க?

பியாட்ரிஸ்: இந்த வருஷம் ஒவ்வொருத்தரா எடுக்கறோம். அக்கா, நீலம் வேணாமாம். கைய கூப்பி நிக்கறப்ப நெஞ்சு கிட்ட நெழலு விழுதாம்.

நோயல்: கைய எதுக்கு கூப்பணும்?

பியாட்ரிஸ்: ஜெபம் தானே அண்ணா.

ஐரின்: பச்ச பார்டர் கட்டிக்கறேன்னு சொல்லு.

பியாட்ரிஸ்: சரி அக்கா. அப்புறம், பல்லு தெரியாம லேசா சிரிக்கணுமாம். நேரா பாக்கணுமாம்.

நோயல்: ஜெபத்துல எதுக்கு மா சிரிப்பு?

பியாட்ரிஸ்: ...ஜெபமாலைல வருமே, சந்தோஷமான தேவ ரகசியம், அது அண்ணா.

ஐரின்: பியாட்ரிஸ், உன் அடுப்புல கறி இருக்குன்னியே?

பியாட்ரிஸ்: இல்லியே அக்கா... ஓ, ஆமா ஆமா! கறி! அண்ணா, நாலு மணி கூட்டத்துக்கு கண்டிப்பா வந்து நல்லா பேசணும். எலக்ஷன் வேணும், ஓட்டு முக்கியம்னு நெஞ்சத் தொடற மாதிரி பேசுங்க. எங்க சைடு லேடீஸ் எல்லாரையும் கூட்டிட்டு வரேன். நீங்க பேசினா தான் அக்காவுக்கு... அதாவது, அக்காவுக்கும் பெருமை தானே!

ஐரின்: கறி, பியாட்ரிஸ்.

பியாட்ரிஸ்: போறேன் போறேன்!

நோயல்: நல்ல பொண்ணு. இந்த வார்டுல என் பேச்சோட மதிப்பு தெரிஞ்சது அவளுக்கு ஒருத்திக்கு தான். ...சட்ட ஆச்சா?

ஐரின்: ஆச்சு. போட்டுக்கோங்க. இஸ்திரி கலையாம கைய மெதுவா விடுங்க. ...க்ளென் கிட்ட இன்னும் ஒரே ஒரு கேள்வி பாக்கி.

நோயல்: கேளு, கேளு. இப்ப ஃபார்ம்ல இருக்கேன்.

ஐரின்: "மிஸ்டர் நோயல், நியமனம் தப்பு, தேர்தல் தான் சரின்னு இவ்ளோ பேசறீங்க. நாளைக்கு உங்களுக்கே ஒரு நியமனப் பதவி குடுத்தா வாங்கிப்பீங்களா, மாட்டீங்களா?"

நோயல்: இந்த பட்டன் ஏன் டைட்டா இருக்கு?

ஐரின்: பட்டன் சரியா தான் இருக்கு. பதில் சொல்லுங்க.

நோயல்: க்ளென் இப்படி ஒரு கேள்வி கேக்க மாட்டான் ஐரின். அவன் ஜென்டில்மேன்.

ஐரின்: அவன் கேக்கலன்னா வேற யாராவது கேப்பாங்க.

நோயல்: ...யாராவது எதாவது சொன்னாங்களா?

ஐரின்: என்ன சொல்லணும்?

நோயல்: ஐரின்... இப்படி உக்காரு. உக்காரு மா. நான் ஒண்ணு சொல்லணும். ரெண்டு வாரமா சொல்லணும்னு தான் இருக்கேன், வாய் வரல.

ஐரின்: மைக்செட்காரன் விஷயமா?

நோயல்: மைக்செட்காரன் இல்ல. சந்திரன் சார். எலக்ஷன் முடிஞ்சதும் நம்ம கார்ப்பரேஷன்ல கொஞ்சம் பேர அரசாங்கமே நாமினேட் பண்ணும். நாமினேட்டட் மெம்பர். என் பேர மேலிடத்துக்கு அனுப்பிட்டாங்க. இப்ப தான் கன்ஃபர்ம் பண்ணாரு.

ஐரின்: நியமனம்.

நோயல்: அப்படி சொல்லாதயேன்.

ஐரின்: வேற எப்படி சொல்றது?

நோயல்: தெரியுது, தெரியுது! காலைலேருந்து தேர்தல் தேர்தல்னு தொண்ட கிழிய கத்திட்டு, நானே பின் வாசல் வழியா போறேன்னு நெனக்கற. நானும் அதான் நெனச்சேன். ரெண்டு நாளு தூக்கம் இல்ல. ஆனா ஐரின், எனக்கு அந்த சபைல ஒரு தடவயாவது திரும்ப உக்காரணும். பெல் அடிச்சதும் எழுந்து "மாண்புமிகு மேயர் அவர்களே"ன்னு சொல்லணும். வெக்கத்த விட்டு சொல்றேன், அது இல்லாம நான் யாருன்னே எனக்குத் தெரியல. காலைல எழுந்து எதுக்கு சவரம் பண்றேன்னு தெரியல.

ஐரின்: ...எனக்குத் தெரியுங்க. பக்கத்துல தானே இருக்கேன்.

நோயல்: பதிலுக்கு அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு. அந்த எவளோ ஒருத்தி நிக்கறாளே, அவளுக்காக நான் வீடு வீடா போய் ஓட்டு கேக்கணும்.

ஐரின்: கேப்பீங்களா?

நோயல்: கேப்பேன். நாற்காலிக்காக ஒரு மச்சினிக்கு நோட்டீஸ் குடுக்கறது பெரிய பாவமா? ஆனா ஒண்ணு சொல்றேன், இது யாரு கால்லயும் விழுந்து வாங்கினது இல்ல. என் அனுபவத்த பாத்து, என் சேவைய பாத்து அவங்களா குடுத்தது. ஒரு சிபாரிசு கிடையாது!

ஐரின்: சரிங்க.

நோயல்: என்ன சரிங்க? திட்டு. நாலு வார்த்த திட்டிடு. இன்னிக்கு கூட்டத்துக்கு நான் போகல. எந்த வாயால தேர்தல்னு பேசறது?

ஐரின்: போய்த்தான் ஆகணும். நீங்க பேசினா தான் எனக்கு நாலு ஓட்டு விழும்.

நோயல்: உனக்கு என்ன ஓட்டு?

ஐரின்: அந்த எவளோ ஒருத்தி நான் தாங்க. ...மூச்சு விடுங்க. பட்டன் தெறிச்சுடும்.

நோயல்: நீயா? நம்ம வார்டுக்கா? அப்ப அந்தப் போட்டோ... ஜெபம்... சந்தோஷ தேவ ரகசியம்...

ஐரின்: போஸ்டருக்கு. நாளைக்கு லிஸ்ட் வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். இப்ப நீங்க மனசு விட்டு பேசினதும் எனக்கு மறைக்க முடியல.

நோயல்: காலைலேருந்து நியமனம் தான் நல்லதுன்னு என்ன எதுத்து எதுத்து பேசினியே!

ஐரின்: க்ளென்னா பேசச் சொன்னது நீங்க தானே? ஐரினா கேட்டிருந்தா வேற சொல்லிருப்பேன். அஞ்சு வருஷம் அந்த கேட்ல நின்னேங்க. வந்தவங்கல்லாம் உங்க பேருக்காக வந்தாங்களா, எனக்காக வந்தாங்களா? ஒரே ஒரு தடவ எண்ணிப் பாத்துடணும்னு ஆச. தோத்தாலும் பரவால்ல, தெரிஞ்சுக்கணும்.

நோயல்: ஆனா நான் சிரிச்சேனே ஐரின்... உனக்கு விருப்பம் இல்லன்னு நானே சொல்லிட்டேனே...

ஐரின்: அன்னிக்கு சாயங்காலமே சந்திரன் எனக்கு போன் போட்டாரு. "உங்க வீட்டுக்காரர் சொன்னாரு, இருந்தாலும் உங்க வாயால கேக்கலாம்னு"ன்னாரு. இத்தன வருஷத்துல என் வாயால கேட்ட மொத ஆளு அவரு தான். கோவம் வந்துச்சு, உங்க மேல. ரெண்டு நாள் ரசத்துல உப்பு போடல, நீங்க கவனிக்கக்கூட இல்ல.

நோயல்: கவனிச்சேன். பயந்துக்கிட்டு கேக்கல. ...மன்னிச்சிடு மா.

ஐரின்: பாக்கலாம். மொதல்ல ஓட்டு கேளுங்க.

நோயல்: கேக்கறேன். வீடு வீடா போறேன், மாடி மாடியா ஏறறேன். ...ஆனா ஒரு நிமிஷம். அவங்களுக்கு நீ தான் வேணும். உன்ன நேரா கேட்டுட்டாங்க, நீயும் சரின்னுட்ட. அப்புறம் எனக்கு எதுக்கு நாமினேஷன்? சிரிச்சு கெடுக்கப் பாத்தவனுக்கு யாராவது நாற்காலி போடுவாங்களா? ...என் சேவைக்காகத் தானே ஐரின்? சொல்லேன்.

ஐரின்: நிக்கறேன், ஆனா ஒரு கண்டிஷன்னு சொன்னேங்க. "எங்க வீட்டுக்காரருக்கும் அந்த சபைல ஒரு நாற்காலி போடணும், இல்லன்னா நான் வரல"ன்னேன். "மேடம், நாமினேட்டட் மெம்பருக்கு சபைல ஓட்டு கிடையாதே, பரவால்லியா?"ன்னாரு சந்திரன். "ஓட்டு வேணாம் சார், அவருக்கு மைக் மட்டும் குடுங்க"ன்னேன்.